நாலரை மணி நேரத் தூரம்

கோபம் எல்லோருக்கும் வரும், கண்ணுகளா. ஆனால் அது வருகிற நேரத்தில் கையில் கொதிக்கிற இஸ்திரிப் பெட்டி இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நம்ம இஸ்திரியக்காவுக்கு அப்படித்தான் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், யாரோ ஒருத்தியின் நீலக் கோட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது.

விமான நிலையத்துக்குப் போகிற பெரிய சாலையில் ஒரு சலவைக் கடை. அங்கேதான் அவளுக்கு வேலை. முன்பக்கம் கண்ணாடிக் கதவு, கவுண்டர், பிளாஸ்டிக் உறைக்குள் தொங்குகிற துணிகள், எல்லாம் பளபளவென்று இருக்கும். பின்பக்கம் போனால் ஆவியும் வேர்வையும் சத்தமும். துணி தோய்க்க மெஷின் வந்துவிட்டது. காலரையும் கைமடிப்பையும் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி தேய்த்துக் கொடுக்கிற மெஷின் இன்னும் வரவில்லை. அதனால்தான் அவளுக்கு அங்கே பிழைப்பு ஓடியது, அதனால்தான் அந்தப் பெயரும். விமானத்தில் வேலை பார்க்கிற பெண்கள் எல்லாம் தங்கள் உடுப்பை "இஸ்திரியக்கா கையால" என்று சொல்லித்தான் கொடுப்பார்கள்.

அன்றைக்கு அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். காலையில் வீட்டுக்காரர் ஃபோன் பண்ணியிருந்தார். "கிளம்பிட்டேன். வழியில ராத்திரி தங்கணும். நாளைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்துடுவேன். இனிமே ஃபோன் எடுக்காது, பயப்படாதீங்க."

அவர் வெளிநாட்டில் ஒரு பெரிய நகரத்தில் லிஃப்ட் மெக்கானிக். பதினோரு வருஷமாக அங்கே. வருஷத்துக்கு ஒரு மாச லீவு. அதில் வருவதற்கு ரெண்டு நாள், திரும்பிப் போவதற்கு ரெண்டு நாள் வழியிலேயே போய்விடும். அந்தப் பயண நாட்களில் வீடே மூச்சை அடக்கிக்கொண்டு நடக்கும். டிவி சத்தம் கூடாது, சண்டை கூடாது, பாத்திரம்கூடத் தடாலென்று விழக் கூடாது. "என் பிள்ளை ஆகாசத்துல இருக்கான். வீட்டுக்குள்ள யாரும் வாய்க்கு வந்ததைப் பேசாதீங்க" என்பாள் மாமியார். வந்து இறங்கிய பிள்ளையை மறுநாள் முழுக்க யாரும் எழுப்பக் கூடாது. ரெண்டு நாள் பறந்த உடம்பு இல்லையா? மகள் காலை நுனியில் ஊன்றி நடப்பாள். இஸ்திரியக்கா அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு சமைப்பாள்.

அந்த நினைப்போடுதான் அவள் கோட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கோட்டுக்குச் சொந்தக்காரி கவுண்டரைத் தாண்டிப் பின்பக்கம் வந்து நின்றாள். விமானப் பணிப்பெண். வாய் ஓயாத பெண்.

"ஆச்சாக்கா? சாயங்காலம் ஃப்ளைட்டு."

"எந்த ஊருக்குப் போற?"

அவள் ஊர்ப் பெயரைச் சொன்னாள். வீட்டுக்காரர் இருக்கிற அதே ஊர்.

"அய்யோ பாவம். அப்ப ரெண்டு நாள் தூக்கம் போச்சு."

"எதுக்குக்கா ரெண்டு நாள்? சாயங்காலம் போறேன், நாளைக்குக் காலையில வந்து எங்க வீட்டு பாத்ரூம்ல பல்லு தேய்ப்பேன்."

இஸ்திரியக்கா சிரித்தாள். விவரம் தெரியாத சின்னப் பெண்ணைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. "என்கிட்டயேவா? எங்க வீட்டுக்காரர் பதினோரு வருஷமா அங்க இருக்கார். வழியில ஒரு ஊர்ல இறங்கி, ராத்திரி முழுக்க பெஞ்சுல உக்காந்து, விடிஞ்சு இன்னொரு ப்ளேன் மாறி... அதெல்லாம் உனக்கு எங்க தெரியப் போகுது?"

"அக்கா, ப்ளேன்ல வேலை பாக்கிறது நீங்களா நானா? அந்தக் காலத்துல மாறித்தான் போகணும். நேர் ஃப்ளைட்டு விட்டே எட்டு, ஒன்பது வருஷம் ஆச்சு. நாலரை மணி நேரம். காத்து எதிர்ல அடிச்சா அஞ்சு."

"நீ வேற ஏதோ ஊரைச் சொல்ற."

"இருங்க, காட்டுறேன்."

அந்தப் பெண் ஃபோனில் ரெண்டு ஊர்ப் பெயரையும் தட்டினாள். ஒரு வரைபடம் வந்தது. இந்த ஊரில் ஒரு புள்ளி, அந்த ஊரில் ஒரு புள்ளி, நடுவில் வில் மாதிரி வளைந்த ஒரு கோடு. ஒரு சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. கீழே இத்தனை கிலோமீட்டர், இத்தனை மணி நேரம் என்று பளிச்சென்று எழுதியிருந்தது. நாலரை மணி நேரம்.

"ரெண்டும் ஒரே ஆசியாவுக்குள்ளதானே இருக்கு? நீங்க என்னமோ நிலாவுக்குப் போற மாதிரி பேசுறீங்க. உங்க வீட்டுக்காரர் நடந்து வராரோ என்னமோ!"

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு மூக்கைச் சுளித்தாள். "அக்கா! கோட்டு! கோட்டு!"

பெட்டி ஒரே இடத்தில் நின்றுவிட்டிருந்தது. தூக்கிப் பார்த்தால் உள்பக்கத் துணி பழுப்பேறியிருந்தது. இத்தனை வருஷத்தில் இஸ்திரியக்கா கையில் ஒரு துணி கருகியதில்லை. அதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"அந்த நேர் ஃப்ளைட்டு இன்னிக்கு அங்கேயிருந்து உண்டா?"

"தினமும் உண்டு. ரெண்டு மணிக்கு மேல இங்க இறங்கும். ஏன்க்கா, மூஞ்சி ஏன் இப்படி ஆகுது?"

அவளுக்கு முதலில் ஞாபகம் வந்தது காலர்தான். ஊரார் சட்டைக் காலரை எல்லாம் விரல் நுனியில் தொட்டே எத்தனை நாள் போட்டது என்று சொல்லிவிடுகிறவள், வீட்டுக்காரர் பயணத்தில் போட்டு வந்த சட்டையைப் பதினோரு வருஷமாகத் தோய்த்திருக்கிறாள். ரெண்டு நாள் போட்ட சட்டை எப்படி இருக்கும்? முதல் ரெண்டு மூணு தடவைக்கு அப்புறம் அவர் சட்டையில் அழுக்கு இருந்ததே இல்லை. முகம் மழித்து, சோப்பு வாசனையோடு வந்து நிற்பார். "எங்க வீட்டுக்காரர் சுத்தக்காரர்" என்று கடையில் பெருமை வேறு அடித்திருக்கிறாள். அந்தப் பெருமையை நினைத்தபோது அவளுக்குத் தன்னையே அறைய வேண்டும் போல இருந்தது.

அடுத்து ஞாபகம் வந்ததுதான் அவளை நிற்கவிடாமல் செய்தது. அதை நான் நிதானமாகச் சொல்ல வேண்டும், கேளுங்கள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் மாமனார் இறந்துபோனார். விடியற்காலையில், தூக்கத்திலேயே. கடும் கோடை, போதாததற்கு அந்த வாரம் தெருவில் கரண்ட்டும் சரியில்லை. வீட்டுக்காரருக்கு ஃபோன் போட்டவள் இவள்தான். "நான் வந்து சேர ரெண்டு நாள் ஆகும். எனக்காக அப்பாவை வெச்சிருக்காதீங்க. ஆக வேண்டியதைப் பாரு" என்றார் அவர். இவள் அதைப் பெரியவர்களிடம் சொன்னாள். "அவன் அப்படிச் சொல்லியிருக்க மாட்டான். என் பிள்ளை வரட்டும், ஐஸ் வாங்கி வெச்சாவது காத்திருக்கலாம்" என்று மாமியார் மட்டும் அழுதாள். "ரெண்டு நாள் தாங்காது அத்தை" என்று எல்லோர் எதிரிலும் சொன்ன வாய் இவளுடையது. மறுநாள் காலையில் அடக்கம் பண்ணிவிட்டார்கள்.

அதற்கு அடுத்த நாள்தான் பிள்ளை வந்து நின்றார். மாமியார் வாசலிலேயே அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறினாள். "ஒரு நாள் பொறுக்கலையேடா உன் பெண்டாட்டிக்கு! அப்பன் முகத்தை நீ பார்த்துடக் கூடாதுன்னு அவசர அவசரமா முடிச்சுட்டாளேடா!" தெருவே நின்று பார்த்தது. 'நான்தான்மா வெச்சிருக்க வேணாம்னு சொன்னேன்' என்று ஒரு வார்த்தை. அவர் சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். துக்கத்தில் வாய் அடைத்துப்போச்சு, நாளைக்குச் சொல்வார் என்று இவள் இருந்தாள். நாளைக்கும் சொல்லவில்லை. கேட்டால், "அம்மாவுக்கு வயசாச்சு. விடு, போகப் போக மறந்துடுவாங்க" என்றார்.

மாமியார் மறக்கிற ரகமா? அன்றிலிருந்து இவளுக்கு அந்த வீட்டில் 'மகராசி' என்றுதான் பேர். பால் திரிந்தால் மகராசி, குழாயில் தண்ணீர் நின்றால் மகராசி. கல்யாண வீட்டுக்குப் போனால் ரெண்டு பேர் குனிந்து மூன்றாவது ஆளிடம், "இவதான் மாமனாரை அவசரமா அனுப்பி வெச்சவ" என்பார்கள். நீங்களே சொல்லுங்கள், செத்த மனுஷரை வைத்துக்கொண்டு யாரிடம் போய் நியாயம் பேசுவது? அவள் வாயை மூடிக்கொண்டாள். ரெண்டு நாள் தூரம், அவரும்தான் என்ன செய்வார் என்று அவருக்காகவும் சேர்த்துப் பொறுத்துக்கொண்டாள்.

நாலரை மணி நேரமாம்.

"கடையைப் பார்த்துக்க" என்று யாரிடம் சொன்னாளோ தெரியாது, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

விமான நிலையத்தில் வெளியே வருகிறவர்களுக்காக ஒரு கம்பித் தடுப்பு இருக்கிறது. அதன் ஓரத்தில், பெயர் எழுதிய அட்டையோடு நின்ற டிரைவர்களுக்குப் பின்னால் ஒரு தூணை ஒட்டி நின்றாள். கண்ணாடிக் கதவு திறந்து திறந்து மூடியது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள், அழுகிறவர்கள், கழுத்தைக் கட்டிக்கொள்கிறவர்கள். 'வரமாட்டார், அந்தப் பொண்ணு உளறியிருக்கு' என்று ஒரு மனசு சொன்னது. சொல்லி முடிப்பதற்குள் அவர் வந்தார்.

அவர்தான். அதே பழுப்புப் பெட்டி. ஆனால் அந்த நடை இருக்கிறதே, அதை அவள் பார்த்ததே இல்லை. அவர் யாரையும் தேடவில்லை. தன்னை யாரும் தேட மாட்டார்கள் என்று தெரிந்த மனுஷன் நடக்கிற நடை. ஆற அமர ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கினார், குடித்தார், வெளியே நின்ற ஒரு லாட்ஜ் வண்டியில் ஏறிக்கொண்டார். டிரைவர் அவரைப் பார்த்துத் தலையாட்டிச் சிரித்தான், தெரிந்தவரைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

வண்டியின் பக்கவாட்டில் லாட்ஜ் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. நாலு பேரிடம் கேட்டாள். பக்கத்திலேயே ரெண்டு தெரு தள்ளித்தான். நடந்தே போனாள். போகிற வழியெல்லாம் அவள் மனசில் ஒரு பொம்பளை உருவாகிக்கொண்டே வந்தாள். நல்ல நிறமாக, தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு. லாட்ஜ் வாசலை மிதிக்கும்போது அந்தப் பொம்பளையைக் கேட்க வேண்டிய கேள்வி எல்லாம் இவள் நாக்கில் வரிசையாக நின்றது.

வரவேற்பில் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர். "இப்ப வந்தாரே, பழுப்புப் பெட்டி, அவரா? வருஷா வருஷம் வர்றவர்மா. மாடியில கடைசி ரூம். ஆனா யாரும் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு சொல்லியிருக்காரே."

"நான் தொந்தரவு இல்லீங்க. பெண்டாட்டி."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா" என்று சிரிக்க ஆரம்பித்த பெரியவர் அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பைப் பாதியில் விழுங்கிவிட்டு, ஃபோனைத் துடைக்க ஆரம்பித்தார்.

கதவைத் தட்டினாள். "தண்ணியா? வெச்சுட்டுப் போங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. மறுபடி தட்டினாள். பனியனும் இடுப்பில் துண்டுமாகக் கதவைத் திறந்தார் வீட்டுக்காரர்.

பேய் அடித்த மாதிரி என்று சொல்வார்களே, அன்றைக்கு அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். பாத்ரூம் கதவைத் திறந்தாள். திரைச்சீலையை விலக்கினாள். குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தாள்.

"எங்க அவ?"

"எவ?"

"எவளா? நான் பேர் வெச்சுக் கூப்பிடணுமா அவளை?"

"யாரும் இல்லை. இங்க யாரும் இல்லை."

நிஜமாகவே யாரும் இல்லை. ஒற்றைக் கட்டில், ஒரு நாற்காலி, அணைத்து வைத்த டிவி, அணைத்து வைத்த ஃபோன். மேஜையில் ஒரு பிளாஸ்டிக் ஜக்கில் தண்ணீர். ஒரு பெண்பிள்ளையின் ஊக்குகூடக் கிடைக்கவில்லை. தூக்கிக்கொண்டு வந்த கோபத்தை எங்கே இறக்குவது என்று தெரியாமல் ஒரு நிமிஷம் நின்றாள்.

"அப்ப எதுக்கு இங்க வரீங்க?"

அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "படுத்திருக்கிறதுக்கு."

"என்னது?"

"அங்க ஒரு ரூம்ல எட்டு பேரு. கட்டிலுக்கு மேல கட்டிலு. ஒருத்தன் தூங்குறப்ப இன்னொருத்தன் ஷூ மாட்டுவான். எந்தக் கட்டடத்துல எப்ப லிஃப்ட்டு நின்னாலும் என்னைத்தான் கூப்பிடுவாங்க. இங்க வந்தா வாசல்லயே ஆளு நிக்குது. அவனுக்கு வேலை பாத்துக் குடு, இவனுக்கு அதை வாங்கிட்டு வந்தியா, கூரை ஒழுகுது, குழாய் ஒழுகுது. மொத தடவை வந்தப்ப நிஜமாவே ரெண்டு நாள் ஆச்சு. அந்த ராத்திரி நடு ஊர்ல பெஞ்சுல உக்காந்திருந்தேன் பாரு, நான் எங்க இருக்கேன்னு உலகத்துல யாருக்கும் தெரியாது. அவ்வளவு நிம்மதி. நேர் ஃப்ளைட்டு விட்டப்புறம் அதைச் சொல்ல மனசு வரலை. வேற ஒரு தப்பும் பண்ணலை. சத்தியமா சும்மா படுத்திருப்பேன்."

கண்ணுகளா, ஒரு கணம் அவளுக்கு அது புரிந்தது. புரிந்ததுதான் வினை. கோபம் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு மேலே வந்தது.

"படுத்திருப்பியா?" கல்யாணமான நாளிலிருந்து 'நீங்க' என்று கூப்பிட்ட வாய், தானாக மாறிவிட்டது. "நீ இங்க படுத்திருப்ப. நீ ஆகாசத்துல இருக்கேன்னு நான் அங்க தட்டு சத்தம் வராமக் கழுவுவேன். வந்ததும் பாவம் களைச்சுப் போயிருக்கேன்னு மறுபடி ஒரு நாள் தூங்கவிடுவேன். எனக்கு எந்த லாட்ஜு வெச்சிருக்க? நான் ஒரு நாள் படுத்தா அந்த வீட்டுல அடுப்பு எரியுமா? காய்ச்சல்ல கிடந்தப்பகூட உங்கம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் குடுத்துட்டுத்தான் படுத்தேன்."

"தப்புதான். விடு. இனிமே..."

"அதை விடுறேன். அது கிடக்கட்டும். மாமா செத்த அன்னிக்கு என்கிட்ட என்ன சொன்ன?"

அவர் தரையைப் பார்த்தார்.

"வாயைத் திற. ஆறு வருஷமா தரையைப் பார்த்தது போதும்."

"சொல்லிச் சொல்லிப் பழகின வாய்" என்றார் அவர், குரல் எழும்பாமல். "நீ அப்பான்னு சொன்னதும் ரெண்டு நாள்னு வந்துடுச்சு. ஃபோனை வெச்சப்புறம்தான் என்ன சொன்னேன்னே உறைச்சுது."

"திரும்பக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியதுதானே? கை முறிஞ்சு போச்சா?"

"சொன்னா, இத்தனை வருஷம் என்ன பண்ணேன்னு கேப்பீங்க. யோசிச்சுக்கிட்டே ஏர்ப்போர்ட் போனேன். கிடைச்ச ஃப்ளைட்ல ஏறிட்டேன்."

அவளுக்கு முதலில் காதில் ஏறவில்லை. "ஏறிட்டியா? எப்ப?"

"அன்னிக்கே. மதியமே இங்க இறங்கிட்டேன்."

"அன்னிக்கே?"

"டாக்ஸி பிடிச்சு நம்ம தெருமுனை வரைக்கும் வந்தேன். வாசல்ல நாற்காலி போட்டு ஆளுங்க உக்காந்திருந்தாங்க. பக்கத்து வீட்டுக்காரர் எல்லாருக்கும் தண்ணி குடுத்துட்டிருந்தார். இறங்கிப் போனா, எப்படிடா இவ்வளவு சீக்கிரம்னு கேப்பாங்களேன்னு... டிரைவர்கிட்ட திருப்புன்னு சொல்லிட்டேன். இங்க வந்து படுத்தேன். தூங்கலை. சத்தியமா தூங்கலை. அழுதுட்டுத்தான் இருந்தேன்."

அப்பன் பிணமாகக் கிடக்கிற தெருவின் முனை வரைக்கும் வந்து வண்டியைத் திருப்பிய மனுஷன். உள்ளே அவன் பெற்றவள் "என் பிள்ளை வரட்டும், என் பிள்ளை வரட்டும்" என்று தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். "தாங்காது அத்தை" என்று இவள் அந்தப் பாவத்தைத் தன் வாயால் சுமந்துகொண்டிருந்தாள்.

கைக்கு எட்டியது ஜக்குதான். வீசினாள். அது அவர் தலைக்கு மேலே சுவரில் பட்டு, அவரை முழுக்க நனைத்துவிட்டு, உருண்டு போய் மூலையில் நின்றது. பிளாஸ்டிக். உடையக்கூட இல்லை. அதற்கும் சேர்த்து அவளுக்கு ஆத்திரம் வந்தது.

"சட்டையைப் போடு."

"எதுக்கு?"

"இப்பவே வீட்டுக்குப் போற. உங்கம்மா எதிர்ல நின்னு, இப்ப என்கிட்ட சொன்னதை ஒரு எழுத்து விடாமச் சொல்ற."

"அம்மா தாங்க மாட்டாங்க."

"நான் தாங்கினேன் இல்ல? ஆறு வருஷம் நான் தாங்கினேன் இல்ல? எனக்கு என்ன கல்லாலயா பண்ணியிருக்கு?"

"நீயும் வா. ரெண்டு பேரும் சேர்ந்து பக்குவமா..."

"நான் வரமாட்டேன். நான் வந்தா என் முதுகுக்குப் பின்னாடி நின்னுக்குவ. நீயே போ. நீ சொல்லிட்டேன்னு உங்கம்மா வாயால எனக்கு ஃபோன் வரணும். வரலைன்னா நான் அந்தப் படி ஏற மாட்டேன். பொண்ணை என்கிட்ட அனுப்பி வெச்சுடு. விளையாட்டுக்குச் சொல்றேன்னு நினைக்காத."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். விளையாட்டு இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும். ஈரத் தலையோடு சட்டையை மாட்டிக்கொண்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார். மாடிப்படியில் பெட்டி தட்டிக்கொண்டு போகிற சத்தம் கீழே வரை கேட்டது.

இவள் கதவைத் தாழ்போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். என்ன அமைதி! யாரும் கூப்பிடவில்லை, எதுவும் கொதிக்கவில்லை, எந்தக் குழாயும் ஒழுகவில்லை. இதற்காகத்தானே அந்த மனுஷன் இத்தனை பொய் சொன்னான், அப்படி என்னதான் இருக்கிறது என்று படுத்துப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் முடியவில்லை. தலையணை உறையைக் கண்டபடி தேய்த்திருந்தார்கள், ஓரமெல்லாம் சுருக்கம். எழுந்து உட்கார்ந்துவிட்டாள். கோபமாக இருக்கிறவளுக்கு அமைதி எதற்கு? அது அவளைக் கடித்தது.

வெயில் சாய்கிற நேரத்தில் ஃபோன் அடித்தது. மகள்.

"அம்மா, எங்க இருக்க? அப்பா இன்னிக்கே வந்துட்டாரும்மா! நாங்க நாளைக்கு ராத்திரின்னுல்ல நினைச்சோம்! காத்து பின்னாடி இருந்து தள்ளினதால ப்ளேன் ரொம்ப சீக்கிரம் வந்துடுச்சாம்!"

இஸ்திரியக்கா கண்ணை மூடிக்கொண்டாள். காத்தாம். ஒரு நாளையே தள்ளிக் கொண்டுவந்து போட்ட காத்து.

"பாட்டி என்ன பண்றாங்க?"

"அப்பா பக்கத்துலதான் உக்காந்திருக்காங்க. ஒரே சிரிப்பு."

"ஃபோனை எல்லாருக்கும் கேக்குற மாதிரி வெச்சு, மேஜை மேல வை."

மகள் வைத்தாள். அந்தப் பக்கம் மாமியாரின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"என்னங்க" என்றாள் இவள். மரியாதை திரும்பி வந்திருந்தது. அதுதான் அவருக்கு இன்னும் பயமாக இருந்திருக்கும். "காத்து கதை முடிஞ்சுதா? மிச்சத்தை நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"



"என்னடா சொல்றா இந்த மகராசி?" என்றாள் மாமியார். "வந்ததும் வராததுமா ஃபோன்லயே ஆரம்பிச்சுட்டாளா?"

"நான் சொல்லட்டுமா?" என்றாள் இவள் மறுபடியும்.

"வேணாம்" என்றார் வீட்டுக்காரர். பிறகு, "அம்மா" என்றார். "அம்மா, அப்பாவை வெச்சிருக்க வேணாம்னு சொன்னது நான். அவ இல்லை. அன்னிக்கு மதியமே நான் வந்துட்டேன். நம்ம தெருமுனைக்கு வந்தேன். உள்ள வரலை."

அதற்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் அழுகையோடு கலந்து துண்டு துண்டாக வந்தது. நாலரை மணி நேரம் என்பதும் வந்தது, லாட்ஜ் என்பதும் வந்தது. முடிந்தது. மாமியார் அழுவாள் என்று இவள் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள். அழவில்லை. "நீ உள்ள போ பாப்பா" என்று பேத்தியிடம் சொல்கிற குரல் கேட்டது. பிறகு ஃபோனைக் கையில் எடுத்தாள்.

"எங்க இருக்க நீ?"

"அவர் படுத்திருந்த லாட்ஜுல, அத்தை."

"அந்த லாட்ஜுலயா?"

"அதே லாட்ஜுதான்."

"எனக்கு இது தெரியாது. தெரிஞ்சிருந்தா உன்னை ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். பேசினதையெல்லாம் இப்ப நான் எங்க போய் அள்ளுவேன்?"

'பரவாயில்லை அத்தை' என்று சொல்லியிருக்கலாம். அதைத்தான் ஊரும் எதிர்பார்க்கும். இவள் சொல்லவில்லை.

"அள்ள முடியாது அத்தை. கல்யாண வீட்டுல, சாவு வீட்டுல, தெருவுல, எல்லா இடத்துலயும் கொட்டியாச்சு."

"ம்" என்றாள் மாமியார். "பக்கத்து வீட்டுக்காரியை இப்பவே கூப்பிட்டுச் சொல்லிட்டுத்தான் மறுவேலை. அவகிட்ட சொன்னா போதும், மிச்சப் பேருக்கு அவளே சொல்லிடுவா. டாக்ஸிக்கு வழி சொல்லு."

"எதுக்கு? நீங்க எதுக்கு வரீங்க?"

"இவன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு என்னால இந்த வீட்டுல உக்கார முடியாது. இவன் இருக்கட்டும் இங்க. வழியைச் சொல்லுன்னா சொல்லு!"

சொன்னாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மாமியார் வந்து சேர்ந்தாள். மாடிப்படி ஏறியதில் மூச்சு வாங்கியது. கையில் ஒரு துணிப்பை, பின்னால் பேத்தி. உள்ளே வந்து அந்தக் கட்டிலைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள், சுவரில் இருந்த ஈரத்தைப் பார்த்தாள். மருமகள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

"இங்கயா படுத்திருந்தான்?"

"அன்னிக்குக் கீழ ரூம்லயாம். வரவேற்புல இருக்கிற பெரியவரைக் கேட்டேன்."

"சரி. உக்காரு." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அன்னிக்குக் காலையில நீ ஃபோன் போட்டதுல இருந்து சொல்லு. நீ என்ன சொன்ன, அவன் என்ன சொன்னான், ஒண்ணு விடாமச் சொல்லு. அன்னிக்கு நான் உன்கிட்ட கேக்கலை. இப்ப கேக்குறேன்."

ஆறு வருஷமாக அவளிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஆரம்பித்தாள். மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். அடக்கம் பண்ணின இடத்துக்கு வருவதற்குள் குரல் உயர்ந்து, பக்கத்து அறைக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குப் போய்விட்டது.

மாமியார் எழுந்து போய்த் தங்கள் அறைக் கதவை அவர் முகத்துக்கு நேராகச் சாத்தினாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"ம். அப்புறம்?"